கரடிக்குக் கொடுக்காத முந்திரிக்கொத்து

இப்போது உள்ள ஆட்களுக்குத் தின்னத் தெரியாது என்பது தாணுலிங்கத்தின் முடிந்த முடிவு. தின்னத் தெரிந்தவன் இலையில் போட்டுத் தின்பான், தட்டில் போட்டுத் தின்பான், கதியில்லாவிட்டால் உள்ளங்கையில் வைத்துத் தின்பான். இவன்கள் கடையில் கேக் வாங்கி, அதை இவ்வளவு தூரம் மலையேற்றிக் கொண்டுவந்து, ஒருத்தன் மூஞ்சியில் ஒருத்தன் தேய்க்கிறான்கள். தேய்த்ததைப் படம் பிடிக்கிறான்கள். மிச்சத்தைப் பக்கத்தில் நின்ற மருத மரத்தில் அப்பிவிட்டு, கையை ஓடையில் கழுவிவிட்டுப் போகிறான்கள். கேட்டால் பிறந்தநாளாம்.

"பொறந்தநாளுக்கே இந்தக் கூத்துன்னா, இவனுவ கல்யாணத்துல பாயசத்த எங்க கொண்டு ஊத்துவானுவ?"

வனவர் ஆர்த்திகா இதைக் கேட்டுச் சிரித்தாள். தாணுலிங்கம் சிரிக்கவில்லை. அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சேம்படி ஓடைப் பூங்காவின் வாசலில் அவருக்கு வேலை. ரப்பர் மரங்கள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு இரும்புக் கேட், சீட்டுக் கொடுக்க ஒரு சின்ன அறை, உள்ளே கொஞ்ச தூரம் நடந்தால் குளிக்க ஓடை. வாசலுக்கு ஆள் வேண்டும் என்று ஊர் வனக்குழுவில் கேட்டபோது, எழுபத்திரண்டு வயது, நாலாங்கிளாசு, பெற்ற பிள்ளையைக்கூட நம்பமாட்டார் என்று சொல்லி அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். வாசல் காவலுக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? வருகிறவர்களின் பையைத் திறக்கச் சொல்லி மூக்கை உள்ளே விடுவார். கண் பொய் சொல்லும், மனுசன் பொய் சொல்வான், மூக்கு சொல்லாது. பிளாஸ்டிக் கவருக்குள் கவர், அதற்குள் ஒரு கவர் என்று பரோட்டாவை ஒளித்துக் கொண்டுவந்தவனை, பை தோளில் இருக்கும்போதே நிறுத்தியவர் அவர்.

இத்தனை கெடுபிடியும் ஒரு கரடிக்காக. தள்ளைக் கரடி. முதுகில் ஒரு குட்டியைச் சுமந்துகொண்டு அலைகிற தாய். மார்பில் வெள்ளையாக ஒரு வளைந்த கோடு. ஆறு வருசமாக அவளைத் தாணுலிங்கத்துக்குத் தெரியும். மலைச்சரிவில் கறையான் புற்றைத் தோண்டுவாள், அயினிப் பழம் பொறுக்குவாள், மனுசனைக் கண்டால் ஒரு உறுமல் உறுமிவிட்டு அவள் பாட்டுக்குப் போவாள். கேக் அப்பின மரத்தை நக்கின அன்றைக்குத்தான் அவளுக்குப் புத்தி மாறியது. அடுத்த மாதம் யாரோ ஓடைக்கரையில் விட்டுப்போன தயிர்சாதப் பையைத் தேடிப் பட்டப்பகலில் இறங்கி வந்தாள். பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்த நேரம். நல்லகாலம், ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை.

"ரெண்டு தடவை ஆயிட்டு பாட்டா," என்றாள் ஆர்த்திகா. "இன்னொரு தடவை மனுசன் சாப்பாடு அது வாயில பட்டா, பிறகு அது நம்மளத் தேடியேதான் வரும். யாரையாவது கடிச்சு வைக்கும். அதுக்கு முன்னாடி கூண்டு வச்சுப் பிடிச்சு வேற காட்டுல கொண்டு விடவேண்டியதுதான். எனக்கும் பிடிக்கல. ஆனா அதுதான் முறை."

"கேக்க அப்பினவன் வீட்டுல கெடந்து உறங்குகான். கூண்டு இவளுக்கா?"

"என்ன செய்ய பாட்டா?"

"அப்பினவனுக்கு வையும் கூண்ட."

மறுவாரம் லாரியில் நாலு இரும்புப் பெட்டிகள் வந்தன. கேட்டுக்கு வெளியே சிமெண்டு போட்டு வரிசையாகப் பதித்தார்கள். சாப்பாட்டை வண்டியிலும் வைக்கக்கூடாது, உள்ளேயும் கொண்டுபோகக்கூடாது, இந்தப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகவேண்டும். கதவில் ஒரு இரும்புக் கூடு இருந்தது. கையைக் கீழிருந்து அதற்குள் நுழைத்து, உள்ளே இருக்கிற தாழ்ப்பாள் நாக்கை விரலால் மேலே தூக்கினால் கதவு திறக்கும். கரடிக்கு நகம் நீளம். கூட்டுக்குள் கை போகாது, போனாலும் நாக்கைத் தூக்க வராது என்றாள் ஆர்த்திகா.

தாணுலிங்கம் பெட்டியைச் சுற்றி வந்தார். கையை விட்டார், எடுத்தார். காலால் ஒரு உதை கொடுத்தார்.

"இத உண்டாக்கினவன் கரடியப் பாத்திருக்கானா?"

"பாத்துத்தான் செஞ்சிருப்பாங்க."

"கரடி இவனப் பாத்திருக்காது," என்றார். "பாத்திருந்தா உண்டாக்க விட்டிருக்காது."

பெட்டியில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வருகிற போகிறவர்களுக்கெல்லாம் கையை எப்படி விடவேண்டும் என்று காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெட்டிக்காக அல்ல. அந்தத் தள்ளையைக் கூண்டில் ஏற்றி, வாயில் நுரை தள்ள, முதுகில் கிடந்த குட்டி ஒரு பக்கம் அலற லாரியில் கொண்டுபோவதை அவர் கண்ணால் காணக்கூடாது, அவ்வளவுதான். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கிழவனுக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்பார்கள்.

*

வைகாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். மல்லிகைச் சரம் கட்டின ஒரு வேன் வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. கதவைத் திறந்ததும் பட்டுப்புடவையும் சிரிப்பும் சென்ட் வாசனையும் கொட்டின. நாலு நாளைக்கு முந்தி கல்யாணம் ஆன பெண்ணும் மாப்பிள்ளையும். பெண் பெயர் ஹரிதா, மாப்பிள்ளை நிதின். பெண் வீடு தோவாளையில். நாலாம் நாள் சீர் பலகாரத்தோடு பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் கொண்டுவிடப் போகிற கூட்டம். மாப்பிள்ளை ஊர் தடிக்காரன்கோணம், கீழே கால் மணி நேரம்தான். நேரம் கிடக்கிறதே, ஓடையில் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு போவோம் என்று ஊரைத் தாண்டி மேலே ஏறி வந்திருக்கிறார்கள்.

"நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்ன மாப்பிள்ள வீட்டு வாசல் ஏறணும், கேட்டியளா?" என்று வேனுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. குரலுக்குப் பின்னால் பெண்ணின் அத்தை சொர்ணம்மாள் இறங்கினாள். அறுபத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு, இரண்டு கையாலும் ஒரு பித்தளைச் சருவப் பானையைப் பிள்ளையைப் போல அணைத்திருந்தாள். அதன் வாயை வெள்ளை வேட்டியால் மூடிக் கட்டியிருந்தது.

தாணுலிங்கம் சருவத்தின் பக்கத்தில் போகவே இல்லை. நின்ற இடத்திலிருந்தே மூக்கை உயர்த்தினார். வறுத்த சிறுபயறு, கருப்பட்டி, எள்ளு, சுக்கு, ஏலக்காய். எல்லாவற்றுக்கும் மேலே தேங்காயெண்ணெய்.

"முந்திரிக்கொத்து," என்றார். "செக்குல ஆட்டுன எண்ணெ."

சொர்ணம்மாளுக்கு முகம் மலர்ந்தது. "மூக்குன்னா இதாக்கும் மூக்கு! அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"ஊரு கெடக்கட்டும். இத உள்ள கொண்டுபோவப்பிடாது."

"உள்ள கொண்டுபோவல. வண்டியிலதான் வச்சிருப்பேன்."

"வண்டியிலயும் வைக்கப்பிடாது. கரடி உண்டு. வண்டிக் கண்ணாடி அவளுக்கு அப்பளம்."

"பின்ன?"

தாணுலிங்கம் இரும்புப் பெட்டியைக் காட்டினார். சொர்ணம்மாள் பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சருவத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"சீர் பலகாரத்தக் களவு முதலுமாதிரி இதுக்குள்ள பூட்டணுமா? நூத்தியொண்ணு உண்டு. ஒண்ணுகூட உடையாதது. தறையில வைக்கக்கூடாது, தனியா விடக்கூடாது, மாப்பிள்ள வீடு காணாம ஒருத்தர் வாயில படக்கூடாது. எங்க அம்மை சொன்ன முறையாக்கும்."

"உங்க அம்மை கரடியக் கண்டிருக்கமாட்டா."

"எங்க அம்மை கரடியக் கண்டா கரடி ஓடியிருக்கும். நீரு என்னவே!"

அண்ணாச்சி இவ்வளவு சீக்கிரத்தில் 'என்னவே' ஆகிவிட்டார். தாணுலிங்கத்துக்கு ஒருவகையில் அது பிடித்துத்தான் இருந்தது. குழைந்து பேசுகிறவர்களை அவர் நம்புவதில்லை.

ஹரிதா இடையில் வந்தாள். "அத்தே, வச்சிருங்களேன். தாத்தா பாவம்."

"நான் பாவமொண்ணும் இல்ல," என்றார் தாணுலிங்கம். "இன்னொரு தடவ அவ நம்ம பண்டத்தத் தின்னா அவளுக்குக் கூண்டு. அதாக்கும் சங்கதி. குட்டியும் உண்டு முதுகுல."

சொர்ணம்மாள் சருவத்தின் பிடியைத் தளர்த்தினாள். பிறகு, "குட்டி உண்டா?" என்று கேட்டாள். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெட்டிக்குள் விரித்து, அதன்மேல் சருவத்தை வைத்தாள். தறையில் வைக்கவில்லை என்று ஆயிற்று. தாணுலிங்கம் சொல்லிக் கொடுத்தபடி தானே கதவைச் சாத்தினாள், கூட்டுக்குள் கையை விட்டு ஒரு தடவை திறந்தாள், மறுபடி சாத்தினாள். "தனியா விடக்கூடாது, நான் இங்கதான் இருப்பேன்," என்று வேனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இறக்கிப் பெட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

மற்றவர்கள் உள்ளே போனார்கள். தாணுலிங்கம் ஒவ்வொரு பையிலும் மூக்கை விட்டுத்தான் அனுப்பினார். சொர்ணம்மாளை மட்டும் சோதிக்கவில்லை. அவள்தான் உள்ளே போகவில்லையே. அங்கேதான் அவர் மூக்கும் ஏமாந்தது. நூற்றியொரு முந்திரிக்கொத்து பக்கத்தில் இருந்தபோது, அந்த வாடை பெட்டியிலிருந்து வருகிறதா வேறு எங்கிருந்தும் வருகிறதா என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

"உம்ம வீட்டுக்காரி எந்த ஊரு?" என்று கேட்டாள் சொர்ணம்மாள்.

"தெரிசனங்கோப்பு. அழகியநாயகி."

"அழகியநாயகியா? பள்ளத்து வீட்டு அழகியநாயகியா? அவ எனக்குச் சித்தி மகளாக்கும்! அப்ப நீரு எனக்கு அத்தானா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா என்ன அர்த்தம்? நான் சொல்லுகேன்லா!"

"நீங்க சொல்லுதீய. நான் வீட்டுல கேட்டுட்டுத்தான் சொல்லமுடியும்."

சொர்ணம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் ரப்பர் தோட்டத்துப் பக்கம் சருகு நொறுங்கியது.

*

முதலில் வந்தது மூக்கு. சாம்பல் நிறத்தில், நீளமாக, காற்றை இழுத்து இழுத்து. பிறகு கறுப்பு மயிர்க் கூட்டம். முதுகில் குட்டி, இரண்டு கையாலும் அம்மையின் மயிரைப் பிடித்தபடி, பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்த பிள்ளை மாதிரி இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தது.

தாணுலிங்கம் சொர்ணம்மாளின் கையைப் பிடித்து இழுத்துச் சீட்டு அறைக்குள் தள்ளி, தகரக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். வேன் ஓட்டி வந்த பையன் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தான். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது, அவன் எழும்பாமல் இருந்தால் போதும். சட்டைப் பையிலிருந்து பட்டன் போனை எடுத்து, ஓடைக்கரையில் நின்ற காவலர் ஜெயசிங்கைக் கூப்பிட்டார்.

"ஜெயசிங்கு, அவ இங்க கேட்டுல நிக்கா. ஒருத்தனையும் கீழ விடாத. படம் எடுக்க ஓடி வருவானுவ, கால வெட்டுவேன்னு சொல்லு." அடுத்து ஆர்த்திகா. "மேடம், வந்துட்டா. பெட்டிகிட்ட நிக்கா. வாரும்."

"யாரும் வெளிய இல்லையே பாட்டா? எதையும் போட்டுக்கொடுக்காதீங்க. இருபது நிமிசத்துல வாறேன்."

ஜன்னலுக்குக் கம்பி உண்டு, கதவு கிடையாது. இரண்டு பேரும் அதன் வழியாகப் பார்த்தார்கள். தள்ளை நேராக மூன்றாவது பெட்டியிடம் போனாள். சருவம் இருந்த பெட்டி. கதவின் இடுக்கில் மூக்கை வைத்து, ஊதி, உறிஞ்சினாள். பெரிய பம்புசெட்டு வெள்ளம் இழுக்கிற சத்தம். நகத்தால் கதவை மேலிருந்து கீழே இழுத்தாள். சொர்ணம்மாளுக்குப் பல் கூசியது. பிறகு இரண்டு காலில் எழுந்து நின்று பெட்டியின்மேல் இரண்டு கையையும் போட்டு உலுக்கினாள். உலுக்கின வேகத்தில் குட்டி பொத்தென்று கீழே விழுந்தது. விழுந்த குட்டி எழுந்து, தானும் பெட்டியைத் தன் சின்னக் கையால் ஒரு அடி அடித்துவிட்டு அம்மையைப் பார்த்தது.

"எம்மாடி," என்றாள் சொர்ணம்மாள். "அத்தான், அதுக்குப் பசியாக்கும்."

"பசியொண்ணும் இல்ல. கொழுப்பு. இப்ப அயினி பழுத்த காலம்."

தள்ளை கூட்டில் அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. இரும்பு நெளிகிற சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. சற்றே ஓய்ந்து நின்றாள். தலையைத் திருப்பினாள். மூக்கு மேலே உயர்ந்தது, இடதுபக்கம் போனது, வலதுபக்கம் வந்தது. சீட்டு அறையின் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றது.

தாணுலிங்கத்துக்குப் பிடரி மயிர் எழுந்தது. பயத்தால் அல்ல. மூடின அறைக்குள் இப்போதுதான் அவருக்கும் அது தனியாக வந்தது. கருப்பட்டி, எள்ளு, ஏலக்காய்.

அவர் மெள்ளத் திரும்பிச் சொர்ணம்மாளைப் பார்த்தார். "மடியில என்ன?"

சொர்ணம்மாள் இடுப்பைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லும்."

"உடைஞ்சது," என்றாள் சின்னக் குரலில். "சீர்ல உடைஞ்சத வைக்கப்பிடாதுல்லா. பிள்ளைகளுக்குக் குடுக்கலாம்னு எடுத்து வச்சேன். ஒம்பதெண்ணம்."

"சவத்த எழவு! அரை மணிக்கூரா எம் பக்கத்துல இருந்தியளே!"

"நீரு கேக்கல."

வெளியே நடை கேட்டது. தள்ளை அறையை நோக்கி வந்துகொண்டிருந்தாள். குட்டி பின்னால் உருண்டு வந்தது. சொர்ணம்மாள் மடியிலிருந்து துணிப் பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தாள்.

"வெளிய எறிஞ்சிருவோம் அத்தான். எடுத்துக்கிட்டுப் போவும். பாவம், பிள்ளக்காரி."

"எறிஞ்சீருன்னா அவளுக்குக் கூண்டு." தாணுலிங்கம் பொட்டலத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார். "உங்க கையால பூட்டுன மாதிரியாக்கும். குட்டிய யாரு பாப்பா? நீங்க தோவாளைக்குக் கொண்டுபோறீயளா?"

"பின்ன என்ன செய்ய?"

தாணுலிங்கம் பொட்டலத்தைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார்.

"தின்னும்."

"என்னது?"

"தின்னும்ங்கேன்! வாடை வெளிய இருந்தாத்தானே அவளுக்கு. வயித்துக்குள்ள போயிட்டா அது நம்ம சங்கதி." சொல்லும்போதே ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அவருக்குச் சர்க்கரை உண்டு; காலையில் ஒரு வில்லை, ராத்திரி ஒரு வில்லை. அழகியநாயகி வீட்டில் சீனி டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருப்பவள். நாலு வருசத்துக்குப் பிறகு நாக்கில் கருப்பட்டி பட்டதும், கரடி வாசலில் நிற்பதையும் மீறி, தாணுலிங்கத்துக்குக் கண் தானாக மூடியது.

"கண்ண மூடாதயும், மெல்லும்!" என்றாள் சொர்ணம்மாள். அவளும் இரண்டைச் சேர்த்து அடக்கியிருந்தாள். கன்னம் இரண்டும் பிதுங்கின. பாகு நல்ல பதம், மேல்மாவு மொறுமொறு. ஆனால் மொறுமொறு என்பது பல் இருக்கிறவர்களுக்கு. தாணுலிங்கத்துக்கு முன்பல் நாலும் கடைவாயில் ஒன்றும்தான் பாக்கி.

ஜன்னல் கம்பிக்கு வெளியே மூக்கு வந்தது. ஈரமாக, பெரிதாக, இரண்டு ஓட்டையும் திறந்து மூடி. சூடான மூச்சு அவர் முழங்கையில் பட்டது. இருவரும் பின்சுவரில் ஒட்டிக்கொண்டு மென்றார்கள். விழுங்கினார்கள். அடுத்ததை எடுத்தார்கள். கரடி உறிஞ்சியது; அவர்கள் மென்றார்கள். தள்ளைக்கு இது என்ன கூத்து என்று விளங்கவில்லை போலும். தலையை ஒரு பக்கம் சாய்த்து அவர்களையே பார்த்தாள். அதைக் கண்ட சொர்ணம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் நிறைய முந்திரிக்கொத்து. சிரித்தால் புரை ஏறும். கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கண்ணில் வெள்ளம் வடிந்தது.

"சிரிக்காதயும்," என்றார் தாணுலிங்கம், எள்ளு தெறிக்க. அப்படிச் சொன்னதும் அவருக்கும் வந்துவிட்டது. கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. தோள் குலுங்க, தும்மல் மாதிரி, சத்தமே வெளியே வராத சிரிப்பு.

அவர் ஐந்து, அவள் நாலு. பொட்டலம் காலி. ஆனால் துணி மிச்சம். துணி முழுக்க எண்ணெய். அறை மூலையில் கழிப்பறை கழுவ வைத்திருந்த பினாயில் பாட்டில் கண்ணில் பட்டது. தாணுலிங்கம் மூடியைத் திருகித் துணியை ஒரு வாளியில் போட்டு முழுப் பாட்டிலையும் அதன்மேல் கவிழ்த்தார். கண் எரிந்தது. ஜன்னல் மூக்கு ஒரு தடவை இழுத்தது.

தள்ளை தும்மினாள். அப்படி ஒரு தும்மலை இரண்டு பேரும் வாழ்நாளில் கேட்டதில்லை. கம்பி அதிர்ந்தது. குட்டி பயந்து பத்தடி ஓடி நின்றது. தள்ளை தலையை உதறினாள், மூக்கைப் புல்லில் தேய்த்தாள், இன்னொரு தும்மல். பெட்டியிடம் திரும்பிப் போய் ஒரே ஒரு அடி, பேருக்கு அடித்தாள். அது திறக்கவில்லை. ஏதோ சொல்லிக்கொண்டே வேலிப்பக்கம் போனவள், அங்கே ஒரு கறையான் புற்றைக் கண்டாள். நின்றாள். இரண்டு இழுப்பில் புற்றை உடைத்து மூக்கை உள்ளே வைத்து உறிஞ்சத் தொடங்கினாள். பழைய வேலை, தெரிந்த வேலை. குட்டி ஓடி வந்து முதுகில் தொற்றிக்கொண்டது. பத்து நிமிசம். பிறகு இருவரும் சரிவில் ஏறிக் காட்டுக்குள் போனார்கள்.

வேனில் உறங்கின பையன் அப்போதுதான் எழுந்து, கண்ணாடியை இறக்கி, "பாட்டா, டீ கிடைக்குமா?" என்று கேட்டான்.

*

ஆர்த்திகாவின் ஜீப்பும் ஓடைக்கரைக் கூட்டமும் ஒன்றாக வந்து சேர்ந்தபோது மணி மூன்று ஐம்பது. ஆர்த்திகா பெட்டியின் கீறல்களை விரலால் தடவிப் பார்த்தாள். உள்ளே சருவம் பத்திரம். அவள் முகத்தில் பிள்ளை பெற்றவள் மாதிரி ஒரு சந்தோசம்.

சந்தோசப்பட நேரமில்லை. கூடு நெளிந்து போயிருந்தது. நிதின் கையை விட்டுப் பார்த்தான். விரல் நாலும் போனது, உள்ளங்கை நின்றுவிட்டது. ஜெயசிங்கின் கை விரலோடு நின்றது. ஆர்த்திகாவின் கை மணிக்கட்டுவரை போய், நாக்குக்கு ஒரு விரல்கடை எட்டவில்லை. ஹரிதா கையை நீட்டினாள். இரண்டு கையிலும் முழங்கை வரை புது வளையல்.

"ஏட்டி, வளையலக் கழத்தாத!" என்று கத்தினாள் சொர்ணம்மாள். "நாலாம் நாளு! நகருங்க எல்லாரும்."

ஒல்லியான கை. விரல் நுனியெல்லாம் தேங்காயெண்ணெய். கூட்டுக்குள் விட்ட கை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. முகத்தைச் சுளித்து, நாக்கைக் கடித்து, எதையோ தேடினாள். டொக் என்றது. கதவு திறந்தது.

கூட்டம் கைதட்டியது. யாரோ குரவை இட்டார்கள். சொர்ணம்மாள் வேட்டிக் கட்டை அவிழ்த்து உள்ளே பார்த்தாள். ஒன்றுகூட உடையவில்லை. சருவத்தை எடுத்து அணைத்துக்கொண்டு, பெட்டிக் கதவை முழங்கையால் தள்ளிப் பழையபடி சாத்தினாள்.

"மணி நாலாச்சு, ஏறுங்க!" என்று எல்லாரையும் வேனில் திணித்தாள். கடைசியாக ஏறும்போது தாணுலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "அத்தான், அழகியநாயகிட்ட சொல்லும், தோவாளை சொர்ணம் கேட்டான்னு. ஒருநாள் வீட்டுக்கு வாறேன். வரும்போது..."

"ஒண்ணும் கொண்டுவராதயும்," என்றார் தாணுலிங்கம்.

வேன் சிரித்துக்கொண்டே வளைவில் மறைந்தது. நாலு இருபதுக்கு வாசல் ஏறிவிட்டோம் என்று ஹரிதா அப்புறம் ஆர்த்திகாவுக்குப் போன் செய்தாள்.

ஆர்த்திகா அதற்குள் வாசல் கம்பத்தில் இருந்த கண்காணிப்புக் கேமராவின் படத்தைத் தன் போனில் பார்த்து முடித்திருந்தாள். ஒரு இடத்தை மட்டும் மூன்று தடவை பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"பாட்டா, கரடி ஜன்னல்ல நிக்குது. நீங்களும் அந்த அம்மாவும் உள்ள நின்னு என்ன செய்யுதீங்க?"

"தின்னோம்."

"எனக்கு விளங்கல."

"நீரு தானே சொன்னீரு, மனுசன் பண்டம் கரடி வாயில படக்கூடாதுன்னு. மனுசன் வாயில பட்டுட்டு."

ஆர்த்திகா ஜீப்பின்மேல் சாய்ந்து சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, போனில் எழுதத் தொடங்கினாள். "கரடிக்கு ஒண்ணும் கிடைக்கல. இது மூணாவது தடவை ஆகாது. கூண்டு வேண்டாம்னு எழுதுதேன். பெட்டி வேலை செய்யுது பாட்டா! இன்னும் பத்து பெட்டி கேக்கப் போறேன்."

கூண்டு வேண்டாம் என்ற சொல் தாணுலிங்கத்தின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. அதை அவர் முகத்தில் காட்டவில்லை.

"பெட்டியா?" என்றார். "பினாயிலாக்கும். அவ தும்மினதப் பாக்கலியா நீரு?"

"அதுக்கு முன்னாடி பெட்டி திறக்கலையே."

"இன்னும் நாலு அடி அடிச்சிருந்தா தெறந்திருக்கும். அதுக்குள்ள இந்தப் பக்கம் வாடை வந்துட்டு, இங்க வந்தா. பத்து பெட்டி வாங்குக துட்டுக்குப் பத்து பாட்டில் பினாயில் வாங்கும். அதையும் எழுதும்."

"பினாயில்னு எழுதுனா மேல இருக்கவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். பெட்டிய நம்புக ஆளுக எதையும் நம்புவாங்க." தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். இரண்டடி வைத்தவர் நின்றார். "மேடம், அந்தப் படம்..."

"என்ன பாட்டா?"

"அழகியநாயகிக்கு யாரும் அனுப்பிரக்கூடாது. மருந்து டப்பாவால அடிப்பா."

கேட்டைத் தாண்டும்போது மூன்றாவது பெட்டியின் முன்னால் நின்றார். நெளிந்த கூட்டைப் பார்த்தார், நகம் இழுத்த கோடுகளைப் பார்த்தார். கதவைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றி இன்னொரு இழுப்பு. அப்போதும் வரவில்லை.

"இன்னைக்கு வரல," என்று பெட்டியிடம் சொல்லிவிட்டு, கடைவாயில் சிக்கின எள்ளை நாக்கால் துழாவிக்கொண்டே, தாணுலிங்கம் இறக்கத்தில் நடந்தார்.